பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கல ஆய்வுகளில் பயனுறுதிறனும் நிலைப்பும்: பொன்மலை வெயிலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள் 2009இல் 3.8 விழுக்காட்டுப் பயனுறுதிறனுடன் அறிமுகமாகி, பதினைந்து ஆண்டுகளில் 26 விழுக்காட்டைக் கடந்தன. இவ்வளர்ச்சியைப் பதிவுசெய்த ஆய்வெழுத்து, பயனுறுதிறனைத் தலைப்பிலும் நிலைப்பைப் பெரும்பாலும் இறுதிப் பத்தியிலும் வைத்தது. இவ்வைப்புமுறை வெறும் எழுத்து வழக்கன்று. எந்தப் பொருளை ஆராய்வது, எந்த மின்கலத்தை வெற்றியெனக் கொள்வது என்பதையும் அதுவே தீர்மானித்துள்ளது. இத்துறையின் முதன்மையான சில ஆய்வுகளை நிலைப்பின் பக்கமிருந்து வாசித்து, திருச்சிராப்பள்ளிப் பொன்மலையின் வெப்பச் சூழலை உரைகல்லாகக் கொண்டு, அவ்வழக்கை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பெரோவ்ஸ்கைட், சூரிய மின்கலம், பயனுறுதிறன், நிலைப்பு, அயனி இடப்பெயர்ச்சி, வெளிப்புறச் சோதனை, பொன்மலை.

முன்னுரை

நாகப்பட்டினத்தில் இயங்கிவந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அங்கு நடைபெறும் வேலையின் பெரும்பகுதி, ஓடித் தேய்ந்து வந்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்து மீண்டும் ஓடத் தகுதியாக்குவதாகும். பி.ஓ.எச். என வழங்கும் காலமுறைப் பராமரிப்பு, ஓர் உறுப்பு புதிதாக இருந்த நாளில் காட்டிய திறனை அளவுகோலாகக் கொள்வதில்லை. அடுத்த முறை பணிமனைக்குத் திரும்பும்வரை அது தாங்குமா என்பதையே கேட்கிறது. பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கல ஆய்வு வேறோர் அளவுகோலோடு வளர்ந்தது. மின்கலம் செய்யப்பட்ட அன்று, 25° செல்சியஸ் வெப்பநிலையில், சில நொடி அளவீட்டில் காட்டிய உச்ச எண் அதன் அடையாளமாயிற்று.

இவ்விரு அளவுகோல்களுக்கும் இடையிலான தூரம் ஆய்வகத்துக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தும் நடுவண் அரசின் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அக்கூரைகளில் ஏறும் சிலிக்கான் தகடுகளுக்கு உற்பத்தியாளர் வழங்கும் உத்தரவாதம் பொதுவாக 25 ஆண்டு. கடன் பெற்றுத் தகடு வாங்கும் குடும்பம் அவ்வுத்தரவாதத்தை நம்பியே தவணை கட்டுகிறது. நாளை பெரோவ்ஸ்கைட் தகடு அதே கூரைக்கு வரும்போது, தவணை முடியும்வரை தகடு நிற்குமா என்னும் வினாவுக்கு இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் விடை தருகின்றனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு

தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல்கள் வெப்ப எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது ‘பயனுறுதிறன்’ என்னும் சொல்லை ஆள்கின்றன. கொடுத்த ஆற்றலில் பயனாகக் கிடைத்த பங்கு என்ற பொருளை அச்சொல்லே தாங்கி நிற்கிறது. சூரிய மின்கலம் பற்றிய எழுத்தில் அவ்விடத்தைச் ‘செயல்திறன்’ என்பது பரவலாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கருவி எவ்வளவு நன்றாக, எவ்வளவு காலம், எந்தச் சூழலில் இயங்குகிறது என்பதனைத்தையும் ‘செயல்திறன்’ குறிக்க வல்லது. எனவே ‘செயல்திறன் 25 விழுக்காடு’ என்னும் தொடரைப் படிப்பவர், ஒரு நொடியின் விகிதத்தை வாழ்நாள் தகுதியாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

‘நிலைத்தன்மை’ என்னும் சொல்லின் நிலை இதனினும் சிக்கலானது. படிக அமைப்பு தன் கட்டத்தை மாற்றாதிருத்தல், சேர்மம் சிதையாதிருத்தல், இருட்டில் வைத்த மின்கலம் கெடாதிருத்தல், ஒளியில் மின்சுமையோடு இயங்கும் மின்கலம் திறன் குறையாதிருத்தல் ஆகிய நான்கும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்திலும் இம்மயக்கம் உண்டு. தமிழின் குறை மட்டுமன்று. ஆயினும் கலைச்சொல்லை இன்னும் உறுதிப்படுத்தாத மொழிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இக்கட்டுரை, திறன் விகிதத்திற்குப் ‘பயனுறுதிறன்’ என்பதையும், காலத்தில் தாங்குவதற்கு ‘நிலைப்பு’ என்பதையும், அந்நிலைப்பு இருட்டில் அளக்கப்பட்டதாயின் ‘இருப்பு நிலைப்பு’, ஒளியிலும் சுமையிலும் அளக்கப்பட்டதாயின் ‘இயக்க நிலைப்பு’ என்பவற்றையும் ஆள்கிறது.

முதன்மை ஆய்வுகள்: நிலைப்பின் பக்கமிருந்து

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். 1839இல் யூரல் மலைப்பகுதிக் கனிமத்தில் குஸ்தாவ் ரோஸ் கண்டறிந்த கால்சியம் டைட்டனேட்டுக்கு, உருசியக் கனிம ஆர்வலர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயர் இடப்பட்டது. அதே படிக அமைப்பை உடைய மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடு என்னும் சேர்மத்தை ஒளியுறிஞ்சியாகக் கொண்டு, சுட்டோமு மியாசகாவின் குழுவில் அகிஹிரோ கோஜிமா முதலியோர் 2009இல் 3.8 விழுக்காட்டை அறிவித்தனர். அவர்தம் மின்கலத்தில் இருந்தது நீர்ம மின்பகுபொருள். பெரோவ்ஸ்கைட் அதில் கரைந்துவிடக் கூடியது. 2011இல் நாம்-ஜியூ பார்க் குழுவினர் 6.5 விழுக்காட்டை எட்டியபோதும், பத்து நிமிட ஒளியில் திறனின் ஏறத்தாழ 80 விழுக்காடு இழக்கப்பட்டது. அவ்விழப்பை அவர்களே தம் கட்டுரையில் பதிவுசெய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பிற்காலக் கட்டுரைகள் பலவற்றில் இவ்வெளிப்படைத்தன்மையைத் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது.

2012 திருப்புமுனை ஆண்டு. நீர்மத்தின் இடத்தில் திண்மத் துளை கடத்தும் பொருள் வந்தது. பார்க்கின் குழு 9.7 விழுக்காட்டையும் ஹென்றி ஸ்னெய்த்தின் குழு 10.9 விழுக்காட்டையும் அறிவித்தன. முன்னதில் 500 மணிநேர நிலைப்பும் சொல்லப்பட்டது. நிமிடங்களிலிருந்து 500 மணிநேரம் என்பது பெரும் பாய்ச்சலே. எனினும், உறையிடப்படாத மின்கலத்தை அறை வெப்பநிலைக் காற்றில் வைத்திருந்து அவ்வப்போது அளந்த கணக்கு அது. அதாவது இருப்பு நிலைப்பு. பணிமனை மொழியில் சொன்னால், ஓடாமல் கொட்டகையில் நின்ற எஞ்சினின் தேய்மானம்.

அதன்பின் இரு வழிகள் பிரிந்தன. ஒரு வழி விழுக்காட்டை ஏற்றியது. மைக்கேல் சலிபா முதலியோர் 2016இல் மெத்தில் அம்மோனியம், ஃபார்மமிடினியம், சீசியம் ஆகிய மூன்று நேரயனிகளைக் கலந்து 21.1 விழுக்காட்டை எட்டினர். இயக்கச் சூழலில் 250 மணிநேரத்திற்குப் பின் அது 18 விழுக்காட்டில் நின்றது. மற்றொரு வழி விழுக்காட்டில் தாழ்ந்து காலத்தில் உயர்ந்தது. ஹொங்வெய் ஹானின் குழு 2014இல் துளை கடத்தும் அடுக்கையே நீக்கி, கரி மின்முனையை அச்சிட்டு, 12.8 விழுக்காட்டுடன் முழு ஒளியில் 1,000 மணிநேரத்தைக் கடந்தது. ஜூலியா கிரான்சினி முதலியோர் 2017இல் இருபரிமாண, முப்பரிமாண அடுக்குகளை இணைத்து, 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள தகட்டில் 11.2 விழுக்காட்டை 10,000 மணிநேரம் இழப்பின்றிக் காட்டினர்.

இரண்டாம் வழியின் ஆய்வுகள் மதிக்கப்பட்டன. ஆனால் துறையின் முகமாக ஆகவில்லை. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்னும் பெயரில் 2025 வரை இயங்கிய நிறுவனம் வெளியிட்டுவரும் உச்சப் பதிவு வரைபடம், ஆண்டையும் விழுக்காட்டையும் மட்டுமே அச்சுகளாகக் கொண்டது. அதில் காலத்துக்கு அச்சு இல்லை. 11 விழுக்காட்டில் ஆண்டைக் கடந்து நிற்கும் தகட்டுக்கு அவ்வரைபடத்தின் உச்சியில் இடமில்லை. சில நாளில் கெட்டுவிடும் 26 விழுக்காட்டுக்கு இடமுண்டு. உச்சப் பதிவு மின்கலங்கள் பலவற்றின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டுவதில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விரல் நகத்தின் ஒரு மூலையளவு பரப்பில் குறையற்ற படலத்தை உருவாக்குவதும், கூரைத் தகட்டின் பரப்பில் உருவாக்குவதும் ஒரே செயலின் சிறிய, பெரிய வடிவங்கள் அல்ல.

எண்ணின் நம்பகத்தன்மை பற்றிய ஐயமும் எழாமலில்லை. மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே அளந்தால் ஒரு விழுக்காடும், இறக்கிக்கொண்டே அளந்தால் வேறொரு விழுக்காடும் கிடைக்கும் ‘தயக்கம்’ இம்மின்கலங்களில் உண்டென்று 2014இல் ஸ்னெய்த் குழுவினர் விரிவாகக் காட்டினர். படிகத்தின் உள்ளே அயோடைடு அயனிகள் காலியிடங்களின் வழியே நகர்வது இதற்கு முதன்மைக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. பயனுறுதிறனின் எண்ணைக் குழப்பும் அதே அயனி நகர்ச்சிதான் நிலைப்பையும் அரிக்கிறது. எனவே திறனுக்கு ஒரு வரைபடம், நிலைப்புக்கு ஒரு வரைபடம் எனப் பிரித்து எழுதுவது இயற்பியல் நோக்கிலும் பொருந்துவதன்று.

பொன்மலைக் கூரை

சூரிய மின்கலத்தின் தரச் சோதனைச் சூழல், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் 25° மின்கல வெப்பநிலையும் ஆகும். சித்திரை, வைகாசியில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பம் 40° செல்சியஸைத் தொடுவது புதிதன்று. முழு வெயிலில் கூரைத் தகடு காற்றைவிட 25 முதல் 30 பாகை கூடுதலாகச் சூடேறும். ஆகப் பொன்மலைக் குடியிருப்பு ஒன்றின் தளத்தில் கோடை நண்பகலில் மின்கலம் இயங்கும் வெப்பநிலை 65 முதல் 70°. தரச் சோதனையின் 25° அங்குப் பகலில் வாய்ப்பது அரிது.

இவ்வெப்பத்தின் பொருள் என்ன? மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடு ஏறத்தாழ 54°இல் நாற்கோணப் படிகக் கட்டத்திலிருந்து கனசதுரக் கட்டத்துக்கு மாறுகிறது. வட ஐரோப்பிய ஆய்வகத்தின் கூரையில் ஆண்டில் சில நாள்களே கடக்கப்படும் எல்லை அது. பொன்மலையில் கோடை முழுவதும் காலையில் ஏறி மாலையில் இறங்கிக் கடக்கப்படும். பெரோவ்ஸ்கைட் படலம் வெப்பத்தில் விரிவது கண்ணாடியைவிடப் பல மடங்கு மிகுதி. ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் இரண்டின் இடைமுகத்தில் தகைவை ஏற்படுத்துகிறது. மேலும் 85°இல் இச்சேர்மம் ஈரமோ உயிர்வளியோ இல்லாத சூழலிலும் சிதைகிறது; மெத்தில் அம்மோனியம் ஆவியாக வெளியேற, மஞ்சள் நிற ஈய அயோடைடு எஞ்சுகிறது.

ஃபார்மமிடினியமும் சீசியமும் அந்த இடத்தைப் பெற்றதற்கு இதுவே காரணம். ஆனால் ஃபார்மமிடினியச் சேர்மத்தின் பயன்மிகு கருங்கட்டம் அறை வெப்பநிலையில் தானே நிலைப்பதன்று. ஈரம் பட்டால் மஞ்சட் கட்டத்துக்கு விரைந்து சரியும். அயனிகளின் அளவுப் பொருத்தத்தைக் கொண்டு ஒரு பெரோவ்ஸ்கைட் உருவாகுமா என ஊகிக்கும் விகிதத்தை விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926இல் வகுத்தார். நேரயனிக் கலப்பு முழுவதும் அவ்விகிதத்தை ஏற்ற எல்லைக்குள் கொண்டுவரும் முயற்சியே. கோடை வெப்பத்துக்குத் தேர்ந்த கலவை, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தின் ஈரத்தில் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. 85° வெப்பமும் 85 விழுக்காட்டு ஈரப்பதமும் கூடிய அறையில் 1,000 மணிநேரம் என்னும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் சோதனை இரண்டையும் ஒருங்கே கேட்கிறது. நல்ல கண்ணாடி உறையும் விளிம்புப் பூச்சும் இருந்தால் அதைக் கடக்கும் மின்கலங்கள் உள்ளன. ஆனால் அச்சோதனை இருட்டில் நடைபெறுவது. வெயில் அதில் இல்லை.

நேர்மையான திறனாய்வு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெப்பம் ஏறும்போது சிலிக்கான் தகடு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 விழுக்காட்டு அளவு தன் திறனை இழக்கிறது. 65°இல் இயங்கும் தகடு தன் முத்திரைத் திறனில் ஏழில் ஒரு பங்கை வெப்பத்துக்கே கொடுத்துவிடுகிறது. பெரோவ்ஸ்கைட்டில் அவ்விழப்பு பல அளவீடுகளில் இதன் பாதி அல்லது அதற்கும் குறைவு. பொன்மலை போன்ற இடத்துக்கு இது பெரும் சாதகம். 25°இல் எடுத்த ஒற்றை எண் இச்சாதகத்தையும் மறைத்துவிடுகிறது. அவ்வெண் பெரோவ்ஸ்கைட்டின் நோயை மட்டுமன்றி வலிமையையும் சொல்லத் தவறுகிறது என்பதே அதன்மேல் வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு.

திறனைக் கூட்டி ஆயுளைக் குறைப்பவை

பயனுறுதிறனும் நிலைப்பும் ஒருங்கே உயரும் என்னும் எதிர்பார்ப்பு சில இடங்களில் மெய்யாகிறது. படிக மணிகளின் எல்லையிலும் படலத்தின் மேற்பரப்பிலும் உள்ள குறைகள் மின்னூட்டங்களை விழுங்குகின்றன. அயனி நகரவும் ஈரம் நுழையவும் அவையே வழியாகின்றன. அக்குறைகளை உரிய மூலக்கூறுகளால் செயலிழக்கச் செய்தால் இரு பயனும் கிட்டும். கிரான்சினி குழுவினரின் இருபரிமாண அடுக்கு இவ்வகையது. அண்மைக் காலத்தில் தலைகீழ் அடுக்கமைப்பு மின்கலங்களில் பயன்படும் தன்னொழுங்கு ஒற்றை மூலக்கூற்று அடுக்குகளும் இவ்வகையில் நம்பிக்கை தருகின்றன.

ஆனால் உச்சப் பதிவுகள் நெடுங்காலம் சார்ந்திருந்த ஸ்பைரோ வகைத் துளை கடத்தியை நோக்குக. அதன் கடத்துதிறனை உயர்த்த லித்தியம் உப்பு சேர்க்கப்படுகிறது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உடன் சேர்க்கும் பிரிடின் வகைப் பொருள் வெப்பத்தில் ஆவியாகும். மேலே படியும் வெள்ளி மின்முனையோ, நகர்ந்துவரும் அயோடைடுடன் வினைபுரிந்து வெள்ளி அயோடைடாகும். அடியில் உள்ள டைட்டானியம் ஈராக்சைடு புறஊதாக் கதிரில் வினையூக்கியாக மாறும். நான்கும் அளவீட்டு நாளின் எண்ணை உயர்த்தத் துணைநின்றவை; நான்கும் பொன்மலைக் கூரையில் முதலில் தவறக் கூடியவை. இத்தகைய அமைப்பில் ஒரு புதிய மூலக்கூறு அரை விழுக்காட்டைக் கூட்டியது என்று எழுதும் கட்டுரை, எந்த அமைப்பின்மேல் அதைக் கூட்டியது என்பதையும் விலையாக எழுத வேண்டும்.

சிலிக்கானின் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் கூட்டு மின்கலங்களில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024இல் 34.6 விழுக்காட்டை அறிவித்தது. அவ்வாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் 24.5 விழுக்காட்டுத் தகடுகளை வணிக முறையில் அனுப்பத் தொடங்கியது. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள பத்து விழுக்காட்டுத் தொலைவே ஆய்வகத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட தொலைவின் ஒரு பகுதி. மேலடுக்குக்கு வேண்டிய அகன்ற ஆற்றல் இடைவெளிக்காகப் புரோமைடைக் கூட்டினால், ஒளியில் அயோடைடும் புரோமைடும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரியும் சிக்கல் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஒரு வாழ்நாள் கணக்கு

திருச்சிராப்பள்ளியில் ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 முதல் 5.5 கிலோவாட் மணி சூரிய ஆற்றல் விழுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 எனக் கொள்ளலாம். இதன்படி, முழு ஒளியில் 1,000 மணிநேரச் சோதனை என்பது ஒளியளவில் இவ்வூரின் ஆறு மாத வெயிலே. 250 மணிநேரம் ஒன்றரை மாதத்தைச் சற்றே தாண்டும். கிரான்சினி குழுவினரின் 10,000 மணிநேரம் மட்டும் ஐந்து ஆண்டை எட்டுகிறது.

20 விழுக்காட்டில் தொடங்கி 25 ஆண்டில் தன் தொடக்கத் திறனின் 80 விழுக்காட்டுக்கு இறங்கும் சிலிக்கான் தகடு, ஒரு சதுர மீட்டரில் அக்காலம் முழுவதும் ஏறத்தாழ 8,500 கிலோவாட் மணி தரும். 25 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் பெரோவ்ஸ்கைட் தகடு, அதே 25 ஆண்டில் முற்றும் ஓய்ந்துபோகும்வரை தருவது ஏறத்தாழ 2,100. வெப்பநிலைச் சாதகத்தைச் சேர்த்தாலும் இவ்விடைவெளி மூடாது. அச்சாதகத்தைச் சேர்க்காமல் பார்த்தால், இரண்டும் சமமாவதற்கு அப்பெரோவ்ஸ்கைட் தகடு 80 விழுக்காட்டுக்கு இறங்க ஏறத்தாழ 8 ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பயனுறுதிறனை 25இலிருந்து 26ஆக உயர்த்தும் உழைப்பு வாழ்நாள் விளைச்சலில் 4 விழுக்காட்டைக் கூட்டும்; 80 விழுக்காட்டுக்கு இறங்கும் காலத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக்கும் உழைப்பு அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். ஆய்வு நிதியும் முனைவர் பட்டத் தலைப்புகளும் இக்கணக்கின்படி பங்கிடப்படவில்லை.

நிலைப்பை எழுதும் முறை

நிலைப்புச் சோதனைகளை இருட்டு, ஒளி, வெளிப்புறம், வெப்பச் சுழற்சி, ஒளிச் சுழற்சி, மின்னழுத்தம் எனப் பிரித்து அறிவிக்கும் ஐ.எஸ்.ஓ.எஸ். நெறிமுறைகள், பெரோவ்ஸ்கைட்டுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு 2020இல் பலநாட்டு ஆய்வாளர்களின் இசைவறிக்கையாக வெளிவந்தன. பகலில் ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதி இரவில் மீள்வதுண்டு என்பதால், தொடர் ஒளியில் எடுத்த கணக்கு கூரையின் வாழ்வை அப்படியே காட்டாது. அதனால் வெளிப்புறச் சோதனைக்கும் ஒளிச் சுழற்சிச் சோதனைக்கும் அந்நெறிமுறைகளில் தனியிடம் உண்டு. ஆய்வகங்களில் அவை இன்னும் அருகியே நடக்கின்றன.

திருச்சிராப்பள்ளியின் கல்வி நிறுவனங்களுக்கு இதில் ஓர் இடம் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம், தேசியத் தொழில்நுட்பக் கழகம், நூற்றாண்டைக் கடந்த கல்லூரிகள் ஆகியவை ஒரே வெயிலின் கீழ் உள்ளன. நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிகளும் வெற்றிடப் படிவுக் கருவிகளும் நிறைந்த பெரிய ஆய்வகங்களோடு விழுக்காட்டில் போட்டியிடுவது கடினம். ஆனால் 65°இல் இயங்கும் மின்கலத்தின் நாள்வாரிப் பதிவு அவ்வாய்வகங்களால் எளிதில் பெற இயலாதது. தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு, கல்வி மையமும் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் இணைந்து நடத்திய அகில இந்தியத் தகடு ஆய்வுகள், வெப்பம் மிகுந்த பகுதிகளில் சிலிக்கான் தகடுகளே விரைந்து தேய்வதையும், சிறு கூரை நிறுவல்களில் தேய்மானம் மிகுவதையும் களத்தில் கண்டு சொன்னவை. பெரோவ்ஸ்கைட்டுக்கு அத்தகைய களப்பதிவை இப்போதே தொடங்கத் தடையில்லை.

திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமனின் பெயரால் வழங்கும் நிறமாலையியல், சிதைந்த படலத்தில் ஈய அயோடைடு தோன்றுவதைக் காட்ட வல்லது. ஆனால் அளக்கும் லேசரே படலத்தைச் சிதைக்கலாம் என்பதால் ஒளிச்செறிவைக் குறைத்து அளந்ததைக் கட்டுரையில் குறிப்பிடுவது கட்டாயம். மழைநீரில் கரையும் ஈயத்தின் அளவும் பதிவில் இடம்பெற வேண்டும். அரை மைக்ரோமீட்டர் படலத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயமே உள்ளது. எனினும் உடைந்த தகட்டிலிருந்து அது நீரில் கரைந்து வரக் கூடியது, பொன்மலையின் மழைநீரும் மண்ணில்தான் இறங்குகிறது.

இத்தகைய பதிவின் முதல் அட்டவணையில் விழுக்காட்டுக்கு முன்னே சில நிரல்கள் வர வேண்டும்: மின்கலத்தின் பரப்பு, உறையின் தன்மை, மின்சுமை, நண்பகல் மின்கல வெப்பநிலை, வெளியில் வைத்த நாள், அளவீடு நிறுத்தப்பட்ட நாள், நிறுத்தியதன் காரணம். அவ்வட்டவணையில், 18 விழுக்காட்டில் தொடங்கி ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்து 16இல் நிற்கும் மின்கலம், 25இல் தொடங்கி வைகாசியிலேயே பதிவு முடிந்துபோன மின்கலத்துக்கு மேல்வரிசையில் இடம்பெறும்.